ஆக்ஸ்போர்டில் ஒரு நாள்: செய்யக்கூடாத தவறுகள்

ஆக்ஸ்போர்டில் ரயிலை விட்டு இறங்கியதும் பலர் கேட்பது, "யூனிவர்சிட்டி எந்தப் பக்கம்?" அப்படி ஒரு தனி வளாகமே அங்கே கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி வாசல், தனி நேரம். அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளாமல் கிளம்புவதுதான் முதல் தவறு. பல கல்லூரிகள் மதியத்துக்கு மேல்தான் வெளியாட்களை உள்ளே விடும். தேர்வுக் காலத்தில் சிலவற்றில் அதுவும் கிடையாது. காலையிலேயே வாசல் வாசலாக ஏறி இறங்கினால் பாதி நாள் போய்விடும்.

காலை நேரத்தை அருங்காட்சியகங்களுக்குக் கொடுங்கள். 1860-இல் திறந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகளோடு சேர்த்துத் தூண்களையும் பாருங்கள். ஒவ்வொன்றும் பிரிட்டனின் வெவ்வேறு வகைக் கல். அதன் பின்பக்கக் கதவு வழியே போனால் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம். பொருள்களை நாடுவாரியாக இல்லாமல் வகைவாரியாக அடுக்கியிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கீழே இழுப்பறைகள் உண்டு, நாமே திறந்து பார்க்கலாம். அவசரத்தில் வருகிறவர்கள் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மட்டும் பிட் ரிவர்ஸ் மதியம்தான் திறக்கும்.

அடுத்தது, ராட்கிளிஃப் கேமரா. அந்த வட்டக் கட்டடம் மாணவர்கள் படிக்கும் நூலகம். போட்லியன் நூலகம் நடத்தும் வழிகாட்டிச் சுற்றில் முன்பதிவு செய்தால்தான் உள்ளே போக முடியும். இடம் கிடைக்கவில்லையா? எதிரே இருக்கும் செயின்ட் மேரி தேவாலயக் கோபுரத்தில் 127 படி ஏறுங்கள், குவிமாடம் கண்ணுக்கு நேரே நிற்கும். மேலே போகப் போகப் படிகள் குறுகும். முட்டிவலி இருப்பவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

காரில் ஊருக்குள் போகவே போகாதீர்கள். ஊர் எல்லையில் நிறுத்திவிட்டுப் பேருந்து பிடிப்பதே சரி.

தமிழர்கள் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பின் கல்லறை, வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் இடுகாட்டில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து நடந்தே போகலாம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அங்கே போகாமல் திரும்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

அப்புறம், ஐந்து மணிக்கே ஊரைவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கல்லூரி நடக்கும் மாதங்களில் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் பெரும்பாலான மாலைகளில் பாடகர் குழுவோடு வழிபாடு நடக்கும். யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் கிடையாது. அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே போய் உட்காருங்கள்.