கற்பூரவல்லியை அயல்நாட்டுத் தோட்டக்காரரிடம் எப்படிச் சொல்வது?

தடித்த இலையைக் கசக்கினால் ஓம வாசனை வீசும் நம் கற்பூரவல்லியை, ஒருவர் கியூபா ஓரிகானோ என்கிறார், மற்றொருவர் மெக்சிகோ புதினா என்கிறார். அது ஓரிகானோவும் அன்று, புதினாவும் அன்று. அவ்விரு நாடுகளும் அதன் தாயகமும் அல்ல. நம்மவர்களிலேயே அதை ஓமவல்லி என்போர் உண்டு. ஆகவே பிறநாட்டாருடன் செடியைப் பற்றிப் பேசும்போது தமிழ்ப் பெயரை முதலில் எழுதி, அதையடுத்துக் கோலியஸ் அம்பாய்னிகஸ் (Coleus amboinicus) என்ற அறிவியல் பெயரை லத்தீன் எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் நிலைநாட்டிய இந்த இருசொல் முறையில் முதற்சொல் பேரினத்தையும், இரண்டாவது சொல் அதற்குள் ஒரு சிற்றினத்தையும் குறிக்கும். முதற்சொல் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்கும். உச்சரிப்புக்காகத் தயங்க வேண்டாம், எழுத்துப் பிழை இல்லாதிருந்தால் போதும். ஆய்வு வளர வளர அறிவியல் பெயரும் மாறுவதுண்டு. கற்பூரவல்லியே பல நூல்களில் பிளெக்ட்ராந்தஸ் அம்பாய்னிகஸ் என்றுதான் இருக்கிறது; பழைய பெயரையும் உடன் குறிப்பிட்டால் தேடுபவருக்கு உதவும். ரகத்தின் பெயர் தெரிந்தால் அதை ஒற்றை மேற்கோள் குறிக்குள் இறுதியில் எழுத வேண்டும்.

பேரினப் பெயரே பேச்சுவழக்கில் தடம் மாறிவிடுவதும் உண்டு. பால்கனித் தொட்டிகளில் பூக்கும் ஜெரேனியம் உண்மையில் பெலார்கோனியம். 1789இலேயே தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டும் கடைகளில் பழைய பெயர் போகவில்லை. உறைபனியில் பெலார்கோனியம் மடிந்துவிடும், மெய்யான ஜெரேனியத்தின் பல இனங்களோ தாங்கி நிற்கும். குளிர்நாட்டு நண்பருக்கு வளர்ப்பு முறை சொல்லும் முன் அவரிடம் இருப்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணும் செடியானால் இன்னும் கவனம் தேவை. மணத்தக்காளியை ஆங்கிலத்தில் கறுப்பு நைட்ஷேட் என்பார்கள்; ஐரோப்பாவில் கொடிய நைட்ஷேட் எனப்படும் அட்ரோபா பெல்லடோனாவோ உயிரையே பறிக்கும் நஞ்சு. மணத்தக்காளியின் சிறு பழங்கள் கொத்தாகத் தொங்கும். பெல்லடோனாவின் பழம் அதைவிடப் பெரியதாய், விரிந்த ஐந்து புல்லி இதழ்களின் நடுவே தனித்தனியே அமர்ந்திருக்கும். பெயருடன் பூவும் காயும் தெரியும் படம் ஒன்றை அனுப்பி, இரண்டும் பொருந்துகின்றன என்று உறுதியான பிறகே சமையல் குறிப்பை எழுதுங்கள்.