ஒற்றியூரில் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குக் கையில் ஆங்கிலக் குறிப்போடு வருகிறவர்கள் பலர், மூலவர் ஆதிபுரீஸ்வரரை முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். குறிப்பில் கருவறையை 'அப்சைடல்', அதாவது பின்பக்கம் அரைவட்டமாக வளைந்தது, என்று போட்டிருக்கும். சர்ச் கட்டடங்களோடு பழகிய சொல் அது. "சர்ச் மாதிரியாங்க?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

நம்மிடம் இருக்கும் சொல் தூங்கானை மாடம். படுத்துத் தூங்கும் யானையின் பின்புறம் என்று பொருள் சொல்வார்கள். அப்படியானால் எங்கே போய் நிற்கவேண்டும்? பின்னால்தானே! சுற்றிக்கொண்டு போனால், கருவறைச் சுவர் மூலை இல்லாமல் வளைந்து திரும்புவது தெரியும். தேவாரம் பெண்ணாகடத்துக் கோயிலை இந்தப் பெயரால்தான் பாடுகிறது. பாடி, திருமுல்லைவாயில் கோயில்களிலும் இதே வளைவைப் பார்க்கலாம்.

அப்புறம், 'சோழர் பாணி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். முதலாம் இராஜேந்திரன் காலத்தில் இதைக் கருங்கல்லில் எடுத்தவர் ரவி என்ற வீரசோழத் தச்சன் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. பாணியின் பெயர் ராஜாவுக்குப் போய்விட, உளி பிடித்தவர் காணாமல் போகிறார்.

காதில் தமிழாக விழுவதற்கெல்லாம் தமிழ் வேர் தேடுவது இதற்கு நேர் எதிரான தவறு. பக்கத்திலேயே காலடிப்பேட்டை இருக்கிறது. எந்தச் சாமியின் காலடி என்று குழம்ப வேண்டாம். 1717 முதல் 1720 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. காலெட்பேட்டை ஜனங்கள் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது. காலடிக்குத் தலபுராணம் கட்டினால் தறிச் சத்தம் கேட்காது.

ஜார்ஜ் டவுனின் பழைய கதையை எழுதுகிறவர்கள் 'கருப்பர் நகரம்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது வெள்ளைக்காரன் வைத்த பெயர். முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்ற அங்குள்ள பேட்டைகளின் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்.

நம்ம பக்கத்துக் கானாப் பாட்டை எழுத்தில் வடிக்கும்போது தயவுசெய்து 'திருத்த' வேண்டாம். 'இட்டுக்கினு' என்பதை 'இட்டுக்கொண்டு' ஆக்கிப் பாடிப் பாருங்கள், தாளம் அங்கேயே நொண்டும். கொச்சை என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: நம்ம பேட்டைத் திட்டான 'கஸ்மாலம்' சமஸ்கிருதத்துக் கச்மலம். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், தேர்த்தட்டில் உட்கார்ந்துவிட்ட அர்ச்சுனனிடம் கண்ணன் எடுக்கும் சொல்லும் அதுதான்.