மலைச்சாலை ஜீப்பில் தனி வெப்பமானி பொருத்தும் முறை

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்தபடி இரண்டாம் கியரில் இந்த ஏற்றத்தை ஏறும் ஜீப்பின் எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்பதை, வண்டியோடு வரும் வெப்பமானியின் முள் பல நேரங்களில் உள்ளபடி காட்டுவதில்லை. ஓட்டுநர் வீணாகப் பதற வேண்டாம் என்பதற்காக, இன்றைய வண்டிகள் பலவற்றில் சுமார் 80 டிகிரியிலிருந்து 100 டிகிரியைத் தாண்டும் வரை அந்த முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது என் வண்டியின் ரேடியேட்டர் கீழ் ஹோஸ் பிளந்து, எஞ்சினை ஆற்றும் திரவமான கூலன்ட் முழுவதும் கொட்டிப்போனது. முள் நடுவில் நிற்க, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் எரிந்தது. அதன் பிறகுதான் டிகிரியை எண்ணாகக் காட்டும் மீட்டரை என் கையாலேயே பொருத்தினேன்.

கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, மெல்லிய செப்புக் குழாய் வழியாக நேரடியாக இயங்குவது. இதற்கு மின்சாரம் வேண்டாம், ஆனால் எஸ்டேட் சாலையின் அதிர்வில் அந்தக் குழாய் மடங்கினாலோ முறிந்தாலோ மீட்டரையே மாற்ற வேண்டியதுதான். மற்றொன்று மின்சார வகை. கரடுமுரடான பாதைக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். இதில் சூட்டை உணரும் சென்சாரும் எண்ணைக் காட்டும் மீட்டரும் ஒரே செட்டாக இருக்க வேண்டும், ஏனெனில் சூடு ஏறும்போது சென்சாரின் மின்தடை குறையும் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பொருத்துவதற்கு முன் சென்சாரைக் கொதிநீரில் சோதித்துவிடுங்கள். மீட்டருக்கு 12 வோல்ட் மின்சாரம் கொடுத்து, சென்சாரின் உடலைப் பேட்டரியின் நெகட்டிவுடன் ஒரு ஒயரால் இணைத்து, அதன் முனையைப் பாத்திரத்தின் அடியில் படாமல் கொதிக்கும் நீரில் தொங்கவிட வேண்டும். இங்கே மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குன்னூரில் அது ஏறக்குறைய 94. ஆகவே ஊட்டியில் வைத்துச் சோதிக்கும்போது மீட்டர் 100 என்று காட்டினால், அது ஏழெட்டு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று பொருள்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த வேலையின் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை வெட்டி, சென்சார் துளையுள்ள அலுமினிய இணைப்பைச் செருகுவது எளிய வழி. ஆனால் அந்த இடம், எஞ்சின் சூடான பிறகே திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைத் தாண்டி இருப்பதால், தெர்மோஸ்டாட் திறக்கும் வரை அங்கே சரியான அளவு கிடைக்காது. கூலன்ட் வற்றிவிட்டாலோ சென்சார் வெறும் காற்றில் நின்று, எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் குறைந்த எண்ணைக் காட்டும். சிலிண்டர் ஹெட்டில், தெர்மோஸ்டாட்டுக்கு எஞ்சின் பக்கமாக, போல்ட் போட்டு அடைத்த துளை இருந்தால் அதுவே சிறந்த இடம். துளையின் மரையை அளந்து, பொருந்தும் பித்தளை அடாப்டரை வாங்குங்கள். சென்சாரின் முனை அடாப்டருக்குள் ஒளிந்துகொள்ளாமல், ஓடும் கூலன்டில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் வைத்தாலும் கூலன்ட் அளவு குறைவதைச் சொல்லும் தனி எச்சரிக்கை விளக்கையும் சேர்த்துப் போட முடிந்தால் நல்லது. வண்டியின் சொந்த சென்சாரைக் கழற்றி அந்தத் துளையைப் பயன்படுத்தக் கூடாது. எஞ்சினின் கம்ப்யூட்டர் அதை நம்பித்தான் எரிபொருளை அளக்கிறது.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கூலன்டை வாளியில் வடித்துக்கொள்ளுங்கள். அது நஞ்சு, இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கிவிடும், சரிவில் ஊற்றினால் கீழே உள்ள ஓடையில் போய்ச் சேரும். ஒற்றை ஒயர் சென்சார் தன் மரை வழியாகவே எர்த் பெறுவதால், டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றாமல் அளவாகச் சுற்ற வேண்டும். ஹோஸ் இணைப்பில் வைத்தவர்கள், இருபுறமும் ரப்பர் என்பதால், இணைப்பின் உடலிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும்.

ஒயரைச் சைலன்சர் குழாய்க்கும் ஃபேனுக்கும் எட்டாமல் கொண்டுவந்து, எஞ்சினுக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரின் துளையில் ரப்பர் வளையம் போட்டு உள்ளே நுழைத்துவிடுங்கள். மீட்டரின் பாசிட்டிவைச் சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரில் சிறிய ஃபியூஸோடு இணைக்க வேண்டும். மீட்டரின் உள்விளக்கு ஒயர் பார்க் லைட்டுக்குப் போகும். மூடுபனியும் இரு பருவமழையும் உள்ள நீலகிரியில் திறந்த முறுக்கு இணைப்பு சீக்கிரமே பச்சை பிடித்துவிடும் என்பதால், ஒவ்வொரு முனையையும் உலோகக் குப்பியில் நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து), சூட்டில் சுருங்கும் உறையால் மூடுங்கள்.

கூலன்டை நிரப்பும்போது வண்டியின் முகம் மேட்டைப் பார்க்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மீதிக் குறையை, எஞ்சின் மறுபடி ஆறிய பின் நிரப்பிக்கொள்ளலாம். இந்த வேலையோடு ரேடியேட்டர் மூடியையும் சோதிப்பது அவசியம். மூடி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தைச் சேர்க்கிறது. ஆகவே அது நன்றாக இருந்தாலும் ஊட்டி உயரத்தில் கொதிநிலை சமவெளியைவிடச் சுமார் 4 டிகிரி குறைந்துவிடும். மூடி பழுதாகி, வெறும் தண்ணீரும் ஊற்றியிருந்தால், 88 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் கொதிப்புக்கும் இடையே நான்கைந்து டிகிரிதான் மிஞ்சும்.

முதல் ஏற்றத்தில் கல்லாறு, பர்லியாறு, குன்னூர் என்று ஒவ்வோர் இடத்திலும் மீட்டர் காட்டும் எண்ணை, பக்கத்தில் அமர்பவரிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். என் வண்டி சுமையோடு ஏறும்போது 92 முதல் 98 வரை நிற்கிறது. 105 வந்தால் கீழ் கியருக்கு மாறி, எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க ஹீட்டரை முழுதாகத் திறக்கிறேன். 110 வந்தால் ஓரமாக நிறுத்தி, கூலன்ட் கொட்டவில்லை என்று பார்த்த பின், எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு ஆற வைக்கிறேன். கொட்டியிருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.