வேக்ஸா, சீலண்டா? முதலில் கார் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

போன மாதம் மச்சான் தன் வெள்ளை புரோட்டான் சாகா காரை வீட்டுக்கு ஓட்டி வந்தார். பானெட், கூரை இரண்டிலும் மிளகாய்த்தூள் தூவியது போல ஆரஞ்சுப் புள்ளிகள். எவ்வளவு கழுவினாலும் போகவில்லையாம். வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் துருப்பிடித்துவிட்டதே என்று பாவம், முகமே வாடிப் போயிருந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தினமும் எங்கே பார்க் பண்றீங்க?" பட்டர்வர்த் ரயில் நிலையத்துப் பக்கம் காரை விட்டுவிட்டு, பெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகிறார். 2021 முதல் பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை என்பதால் நிறையப் பேர் இப்படித்தான் போய்வருகிறார்கள்.

சரி, அந்தப் புள்ளிகள் காரின் துரு அல்ல. ரயில் பிரேக் போடும்போது தேய்ந்து பறக்கும் இரும்புத் துகள்கள் பெயிண்டில் உட்கார்ந்து, மழையில் நனைந்து, அந்தத் துகள்தான் துருப்பிடிக்கிறது. இதைச் சொன்னதும் மச்சான் அடுத்துக் கேட்டது, "அப்ப எந்த வேக்ஸ் வாங்கலாம்?" பலரும் கேட்கும் கேள்விதான். ஆனால் டின்னைப் பார்த்து வேக்ஸைத் தேர்ந்தெடுத்தால் காசு வீணாகும். கார் எங்கே நிற்கிறது, எதை வாங்கிக் கட்டிக்கொள்கிறது, வருஷத்தில் எத்தனை தடவை நீங்கள் உட்கார்ந்து பூசுவீர்கள், இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எது வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வேக்ஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பார்த்துவிடுவோம். உங்கள் காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று ஒரு கண்ணாடி போன்ற படலம் இருக்கிறது. அதன் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. மெழுகான வேக்ஸும், அதே வேலையைச் செய்யும் செயற்கைப் பூச்சான சீலண்டும் அதற்கு மேல் இன்னும் மெல்லிசாகப் படிந்து, அழுக்கை நேராகப் பெயிண்டில் ஒட்டவிடாமல் தான் வாங்கிக்கொள்ளும். வாங்கி வாங்கித் தேய்ந்தும் போகும். அதனால்தான் திரும்பத் திரும்பப் பூச வேண்டியிருக்கிறது. கல்லடியை இது தடுக்காது, சாவிக் கீறலைத் தடுக்காது, அடிப்பக்கத் துருவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "பாலிஷ் போட்டேன்" என்றுதான் சொல்வோம். பாலிஷ் என்பது தேய்க்கும் மருந்து, கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுத்துக் கீறலை மறைப்பது. அது எதையும் பாதுகாக்காது. வேக்ஸ் மேலே படிவது. கடையில் "கிளீனர் வேக்ஸ்" என்று போட்டிருந்தால் அதில் இரண்டும் கலந்திருக்கிறது. மங்கிப்போன பழைய காருக்கு நல்லதுதான், ஆனால் நல்ல நிலையில் இருக்கும் புதுக் காருக்கு மாதாமாதம் அதைப் போட்டுத் தேய்த்தால் கிளியர் கோட்டைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பீர்கள். டின்னைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது கார் நிற்கும் இடம். பினாங்கில் இதுதான் முக்கியம். ஆங்சானா மரத்தடி நிழல் என்று ஓடிப்போய் பார்க் பண்ணுகிறோம். மஞ்சள் பூ கொட்டுவது பார்க்க அழகாக இருக்கும், மழையில் ஊறிக் கண்ணாடி ஓரத்திலும் பானெட் இடுக்கிலும் அழுகும்போது கறை விடும். அதைவிட மோசம் மேலே உட்காரும் மைனாவும் காக்கையும். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் மட்டும் பிரச்சினை இல்லை, வெயிலும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. மத்தியானத்தில் கறுப்புக் காரின் பானெட் 70 டிகிரி செல்சியஸ் வரை போகும், அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரியும், மேலே எச்சம் காய்ந்து கல்லாகும், சாயங்காலம் மழை பெய்து பானெட் குளிரும்போது கிளியர் கோட் அந்தக் காய்ந்த எச்சத்தைச் சுற்றி அப்படியே சுருங்கி இறுகிவிடும். துடைத்தாலும் உருவம் போகாது. ஒரு தீபாவளிக்கு என் கருநீல மைவி காரை மரத்தடியில் விட்டுவிட்டு இரண்டு நாள் ஈப்போ போய்வந்தேன், திரும்பி வந்தபோது கூரையில் இரண்டு இடத்தில் விழுந்திருந்தது. அந்த வடு இன்றைக்கும் சாய்வெயிலில் தெரிகிறது. அப்போது காரில் வேக்ஸும் இருந்தது. வேக்ஸ் இருந்தால் சில மணி நேரம் அவகாசம் கிடைக்கும், இரண்டு நாள் தாங்காது.

பிறையில், பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைப் பக்கம் நிறுத்துபவர்களுக்கு இரும்புத் துகளும் புகைப்படிவும். தினமும் பினாங்குப் பாலம் ஏறுபவர்களுக்கும், பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா போலக் கடலோரம் குடியிருப்பவர்களுக்கும் உப்புக் காற்று. நல்ல பெயிண்டை உப்பு உடனே ஒன்றும் செய்யாது, ஆனால் கல்லடி பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடம் இருந்தால் அங்கே வேகமாக வேலை செய்யும், அதனால் அந்த இடத்துக்கு முதலில் டச்-அப் பெயிண்ட் வையுங்கள், வேக்ஸ் அப்புறம். சுமத்ராவில் காடு எரிந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் (2015, 2019 யாருக்கும் மறந்திருக்காது) கார் மேலே படியும் தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. தண்ணீர் அடித்துத்தான் இறக்க வேண்டும். தைப்பூசத்தில் தேர் வரும் பாதையோரம் கார் நின்றிருந்தால், தேங்காய்த் தண்ணீர் தெறித்துக் காய்ந்து பிசுபிசுப்பாக இருக்கும், அன்றைக்கே கழுவிவிடுங்கள், அதோடு முடிந்தது.

இனி மருந்துகள். கார்னௌபா வேக்ஸ் என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. தனியாக அது செங்கல் மாதிரி கெட்டி, உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. அதைப் பூசும்படி ஆக்க எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகும் கலக்கிறார்கள். ஆகவே "நூறு சதவீதம் கார்னௌபா" என்று டின்னில் இருந்தால், முழு டின்னும் அது என்று நினைக்காதீர்கள். அதன் பளபளப்பு தனி அழகு, குறிப்பாகச் சிவப்பு, கறுப்பு, கருநீலக் காரில் ஈரம் ஊறியது போன்ற ஒரு ஆழம் வரும். ஆனால் வெளியே நின்று வெயில், மழை இரண்டையும் தின்னும் காரில் நம் ஊரில் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம்தான். கூரை போட்ட போர்ச்சில் நிற்கும் கார், ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் துடைப்பதே சந்தோஷம் என்பவர், அவருக்கு இது சரியான பொருள்.

சீலண்ட் செயற்கைப் பாலிமர். பளபளப்பு கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும், கார்னௌபாவின் அந்தக் கனிவு வராது, ஆனால் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை நிற்கும், ஷாம்பூவையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். திறந்த வெளியில் நிற்கும் காருக்கு, அதாவது ஃபிளாட்டில் குடியிருக்கும் நம்மில் பெரும்பாலோருக்கு, நான் சொல்வது இதைத்தான். வெள்ளை, வெள்ளிக் காருக்கு இன்னும் யோசிக்கவே வேண்டாம், அந்த நிறங்களில் கார்னௌபாவின் ஆழம் கண்ணுக்கே தெரியாது. சாஃப்ட்99 ஃபூஸோ கோட் பெயருக்கு வேக்ஸ் மாதிரி டின்னில் வந்தாலும் ஃப்ளோரின் பாலிமர் சரக்குதான், இளநிறக் காருக்கு ஒன்று, கருநிறக் காருக்கு ஒன்று என்று தனித்தனியாக வருகிறது, பார்த்து எடுங்கள். பன்னிரண்டு மாதம் என்று டின்னில் போட்டிருக்கும். வெளியே நிற்கும் காருக்கு நான் அதில் பாதியைத்தான் கணக்கில் வைப்பேன். காலினைட் 845 மெழுகும் பாலிமரும் கலந்தது, அதுவும் நன்றாக நிற்கிறது.

செராமிக் ஸ்பிரே என்று இப்போது எங்கே பார்த்தாலும் விற்கிறார்கள். சிலிக்கா கலந்தது, அடித்துத் துடைத்தால் போதும், வேலை மிகக் குறைவு. நேரமே இல்லை என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் பல நூறு ரிங்கிட், ஆயிரத்துக்கு மேலும் வாங்கிக்கொண்டு போடும் செராமிக் கோட்டிங்கும் இதுவும் ஒன்றல்ல. அந்தக் கோட்டிங் வருஷக் கணக்கில் நிற்கும், ஆனால் அதற்கும் பறவை எச்சத்தை உடனே துடைத்தாக வேண்டும். போட்டுவிட்டால் கவலையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மருந்தைவிட முக்கியமானது அதற்கு முந்திய வேலை, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காரை நன்றாகக் கழுவித் துடைத்தபின், கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டை லேசாகத் தடவிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கினால் சரி. உப்புத்தாளில் கை வைத்தது போல் சொரசொரவென்றிருந்தால் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அதன் மேலே எவ்வளவு விலை உயர்ந்த வேக்ஸ் பூசினாலும் அது பெயிண்டைப் பிடிக்காது, அழுக்கைத்தான் பிடிக்கும்.

மச்சான் காரில் நாங்கள் முதலில் அடித்தது இரும்புத்துகள் நீக்கி. அடித்த சில நிமிஷத்தில் புள்ளியெல்லாம் ஊதா நிறமாகி வழிய ஆரம்பித்தது. மச்சான் பெயிண்ட் கரைகிறது என்று பதறிவிட்டார், ஆனால் இரும்போடு மருந்து சேர்ந்தால் வரும் நிறம் அது. நாற்றம் குமட்டும், கையுறை போடுங்கள், நிழலில் செய்யுங்கள், காயவிடாமல் தண்ணீர் அடித்துவிடுங்கள். அப்புறமும் மிச்சம் இருப்பதற்குக் கிளே பார், அதாவது களிமண் கட்டி. பெயிண்டை ஷாம்பூத் தண்ணீரில் நன்றாக நனைத்து, கட்டியில் சிறு துண்டை அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டினால் போதும், சொரசொரப்பு குறைவதைக் கையே சொல்லும். கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போடுங்கள், மணல் ஒட்டிய கட்டியால் தேய்த்தால் கார் முழுக்கக் கீறல்தான். கறுப்புக் காரில் கிளே பார் லேசான கோடு விடும், அப்போது ஒரு மெல்லிய பாலிஷ் தேவைப்படலாம். இதெல்லாம் வருஷத்துக்கு ஒன்று, இரண்டு தடவை போதும்.

சீலண்ட் போடுவதாக இருந்தால் இன்னும் ஒரு படி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரோடு சரிபாதி கலந்து துடைத்து, பழைய வேக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். சீலண்ட் வெறும் பெயிண்டில்தான் ஒட்டும், பழைய வேக்ஸின் மேல் ஒட்டாது. சீலண்டுக்கு மேல் வேக்ஸ் பூசலாம், தலைகீழாகச் செய்யக் கூடாது.

பூசும்போது பானெட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நம் வெயிலுக்குக் காலை எட்டு மணிக்கு முன், இல்லாவிட்டால் சாயங்காலம் கூரைக்குக் கீழே. நிறையப் பூசினால் நிறைய நாள் நிற்கும் என்பது தப்பு, தடித்த பூச்சு துடைக்கக் கஷ்டம், மிச்சமெல்லாம் துணியில்தான் போகும். மைவி அளவுக் காருக்குத் திரவ வேக்ஸ் இரண்டு மேசைக்கரண்டி போதும். நம் ஊர் ஈரக் காற்றில் காய நேரம் எடுக்கும், அதனால் டின்னில் போட்ட நிமிஷத்தை நம்பாமல் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், சுத்தமாக வந்தால் துடைக்கலாம், ஈஷினால் பொறுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படவிடாதீர்கள், வெள்ளையாகக் கறை பிடித்துக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. பல சீலண்டுகள் பிடித்து இறுகச் சில மணி நேரம் கேட்கும், அதுவரை மழையில் விடக் கூடாது, வானத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பெயிண்ட் கடையில் புதிதாக அடித்த பாகம் இருந்தால் பெயிண்ட் அடித்தவரிடமே கேளுங்கள், ஒன்றிலிருந்து மூன்று மாதம் பொறுக்கச் சொல்வார்கள், உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டுக்கு இங்கே சொன்ன எதுவும் பொருந்தாது.

பூசிய பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் கழுவும் முறைதான். பாத்திரம் கழுவும் சோப்பு எண்ணெயை வெட்டுவதற்கென்றே செய்தது, வேக்ஸையும் வெட்டிவிடும். ஸ்னோ வாஷ் கடைகளிலும் சில இடங்களில் காரமான நுரை அடிப்பார்கள், என்ன ஷாம்பூ என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பில்லை. வண்டியில் ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் இருக்கட்டும். எச்சத்தைக் கண்டதும் ஈரத்துணியை மேலே போட்டு இரண்டு நிமிஷம் ஊறவிட்டு எடுங்கள், காய்ந்ததைத் தேய்க்காதீர்கள், அதில் மணல் இருக்கும்.

எப்போது திரும்பப் பூசுவது? தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து எல்லோரும் மகிழ்கிறோம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அழுக்குப் படிந்தாலும் முத்து நிற்காது, வேக்ஸ் அடியில் இருக்கும். நன்றாகக் கழுவிய பிறகும் தண்ணீர் பானெட்டில் தட்டையாகப் பரவி நின்றால், துணி வழுக்காமல் இழுத்தால், தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கூரையும் பானெட்டும்தான் முதலில் போகும், கதவுகள் பின்னால், அதனால் அந்த இரண்டுக்கு மட்டும் நடுவில் ஒரு தடவை பூசினாலும் போதும். மச்சான் காருக்கு சீலண்ட் போட்டோம், பூசிய தேதியை மார்க்கரால் டின் மூடியிலேயே எழுதி வைத்திருக்கிறார். நிறுத்தும் இடத்தையும் தண்டவாளத்திலிருந்து நான்கு வரிசை தள்ளி மாற்றிக்கொண்டார்.