சின்ன அலுவலகத்துக்கு வாய்ஸ்மெயில் வைக்கும்போது

ஐந்தாறு எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு ஃபோன்) உள்ள அலுவலகத்தில், யாரும் எடுக்காத அழைப்பின் செய்தியைப் பதிந்து வைக்கும் வாய்ஸ்மெயில் வைக்கச் சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பதிவாகும் செய்தியைக் கேட்கப் போவது யார்? ஒருவர் பெயரைச் சொன்னால்தான் வேலையைத் தொடங்குவேன். "எல்லோரும் கேட்போம்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் செய்தி சேரும் பெட்டியை ஆளுக்கொன்றாக வைக்காமல், பொதுவாக ஒன்று, உண்மையிலேயே தேவைப்படுகிறவருக்கு மட்டும் தனியாக ஒன்று என்று ஆரம்பியுங்கள்.

அடுத்தது நேரக்கணக்கு. எக்ஸ்டென்ஷன் 15 விநாடி அடிக்கட்டும், எடுக்காவிட்டால் வரவேற்பு மேசையில் இன்னொரு 15 விநாடி, அப்புறம் வாய்ஸ்மெயில். அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வைத்தால் பாதிப் பேர் ஃபோனை வைத்துவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பை மொபைலுக்குத் திருப்பி விடுகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அந்த மொபைல் அணைந்திருந்தால், அதன் சொந்த வாய்ஸ்மெயில் உடனே எடுத்துக்கொள்ளும். யாரோ எடுத்துப் பேசிவிட்டார்கள் என்று பிபிஎக்ஸ் (அலுவலக அழைப்புகளை எக்ஸ்டென்ஷன்களுக்குப் பிரித்து அனுப்பும் அமைப்பு) நினைத்துக்கொள்ளும். அலுவலகத்துக்கான செய்தி ஒருவருடைய சொந்தப் பெட்டியில் போய்க் கிடக்கும். மொபைல் வாய்ஸ்மெயிலை நிறுத்திவிடலாம். இல்லையென்றால், எடுத்தவர் 1-ஐ அழுத்தினால்தான் இணைப்புக் கொடுக்கும் வசதியைப் போடுங்கள். ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளில், அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பும் ஃபாலோ மீ பகுதியில் இது இருக்கிறது.

தனியான பழைய ஆன்சரிங் மெஷினைத்தான் மாட்டப் போகிறீர்கள் என்றால், அனலாக் போர்ட்டில் (பழைய சாதாரண ஃபோன் மாட்டும் இணைப்பில்) மட்டும் மாட்டுங்கள். வெளியிலிருந்து கூப்பிட்டு, ஒரு வரி பேசி, வைத்துவிட்டுப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். பேச்சு முடிந்த பிறகும் பீப் பீப் என்று நீண்டுகொண்டே போனால், அழைத்தவர் வைத்துவிட்ட சிக்னல் மெஷினுக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது பதிவு நேரத்தை 1 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

வரவேற்புக் குரலை ஸ்பீக்கரில் பதியாதீர்கள், அறையின் எதிரொலி சேர்ந்துவிடும். ரிசீவரைக் கையில் எடுத்து, எழுதி வைத்துப் படியுங்கள்: "வணக்கம், இது இன்ன அலுவலகம். இப்போது பேச முடியவில்லை. பெயரையும் நம்பரையும் சொல்லுங்கள், நம்பரை இரண்டு முறை சொல்லுங்கள். அடுத்த வேலைநாள் மதியத்துக்குள் கூப்பிடுகிறோம்." இது போதும். அந்த இரண்டு முறை மட்டும் விட்டுப்போகக் கூடாது. சிக்னல் சரியில்லாத இடத்திலிருந்து பேசுகிறவரின் நம்பரில் ஓர் எண் விழுங்கப்பட்டாலும் திருப்பிக் கூப்பிட வழியில்லை.

பெட்டியைத் திறக்கும் ரகசிய எண் (பின் நம்பர்) 0000, 1234 என்று இருந்தால் உடனே மாற்றுங்கள். பெட்டிக்குள்ளிருந்து வெளியே டயல் செய்யும் வசதி இருந்தால் அதையும் மூடிவிடுங்கள். அந்த வழியாகப் புகுந்து உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசுகிற திருட்டு உண்டு. செய்தியை மின்னஞ்சலுக்கு அனுப்புவது நல்ல ஏற்பாடு. ஆனால் அனுப்பியதும் பெட்டியிலிருந்து அழிக்கும் அமைப்பை, மின்னஞ்சல் ஒழுங்காக வருகிறது என்று தெரியும்வரை தொடாதீர்கள்.

கடைசியாக, வெளி மொபைலிலிருந்து மூன்று விதமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்: யாரும் எடுக்காதபோது, லைன் பிஸியாக இருக்கும்போது, ஃபோன் வயரைப் பிடுங்கி வைத்திருக்கும்போது. மூன்றும் ஒரே பெட்டிக்கு வந்து சேர வேண்டும்.