காயம்பட்ட சிப்பாயும் ஒரு விதவையும்: 1863-ஐ வைத்துக் காதல் கதை எழுதும் முறை

காயம்பட்ட சிப்பாயும் விதவையும் காதலிக்கும் சரித்திரக் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் படுத்துவிடுகின்றன. முப்பது பக்கத்தில் இருவருக்கும் பிடித்துப்போய்விடும். அதற்குமேல் கதையை இழுக்க, யாரோ ஒட்டுக்கேட்ட பேச்சோ தொலைந்துபோன கடிதமோ வந்து சேரும். அதெல்லாம் வேண்டியதில்லை. அவன் காயமும் அவள் பென்ஷனுமே முந்நூறு பக்கத்துக்குப் போதும். வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அதில் இரண்டுமே நன்றாகப் பதிவாகியிருக்கின்றன.

முதலில் தேதிகளைப் பூட்டுங்கள். அவள் கணவன் 1862 செப்டம்பர் 17 அன்று ஆன்டீடம் போரில் இறந்தான் என்று வையுங்கள். வடக்குப் படைச் சிப்பாய் 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க் போரில் அடிபடுகிறான். அந்நாளைய வழக்கப்படி விதவையின் முழுத் துக்கக் காலம் இரண்டரை ஆண்டு. அதில் முதல் ஓராண்டும் ஒரு நாளும் கடுந்துக்கம், மினுமினுப்பில்லாத கறுப்பு உடை, முகத்திரை. அப்படியானால் அவர்கள் சந்திக்கும்போது அவளுக்குக் கடுந்துக்கம் முடிய இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. முழுத் துக்கம் முடிவது 1865 மார்ச்சில், போர் முடியும் தறுவாயில். பண்ணை வீட்டுப் பெண் புதிதாகக் கறுப்புத் துணி வாங்கியிருக்க மாட்டாள். இருந்த உடையைச் சாயத்தில் முக்கிக் கறுப்பாக்கியிருப்பாள். ஊர் என்ன சொல்லும் என்பதற்குத் தனிப் பாத்திரம் தேவையில்லை, உடையின் நிறமே சொல்லிவிடும்.

அடுத்தது காயம். இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ‘தோளில் குண்டு பாய்ந்தது, ஒரு வாரத்தில் எழுந்தான்’ என்று எழுதாதீர்கள். அப்போது பரவலாக இருந்தது மீனியே குண்டு: 0.58 அங்குலக் குழல் விட்டமுள்ள துப்பாக்கிக்கான மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டால் நசுங்கி விரிந்து, எலும்பைச் சில்லுச் சில்லாக்கிவிடும். சட்டைத் துணியையும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அவ்வளவு கை கால்களை வெட்டினார்கள், மருத்துவர்கள் கொடியவர்கள் என்பதால் அல்ல. காயத்தின் இடம் ஆயுளையும் தீர்மானிக்கும். இடுப்பு மூட்டில் வெட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இறந்தார்கள். கதாநாயகன் பிழைக்க வேண்டுமென்றால் முழங்கைக்குக் கீழே, முதல் இரண்டு நாளுக்குள் வெட்டுங்கள். வலது கையாக இருக்கட்டும். காரணம் பின்னால் வரும்.

காயத்துக்கென்று ஒரு நாட்காட்டி போட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் குளோரோஃபார்ம் உண்டு. துணியைக் கூம்பாக மடித்து மூக்கருகே பிடிப்பார்கள். பல்லில் குண்டைக் கடித்துக்கொண்டு அலறும் காட்சியை விட்டுவிடுங்கள். ரத்தக்குழாய்களைப் பட்டு நூலால் கட்டி, நூல் நுனிகளை வெளியே நீளமாகத் தொங்கவிடுவார்கள். தானாகக் கழன்று வரும்வரை அவற்றை மெல்ல இழுத்துப் பார்ப்பதும் பராமரிப்பில் சேர்த்தி. சில நாளில் சீழ் கட்டும். கெட்டியான வெண்சீழை நல்ல அறிகுறி என்றே நம்பினார்கள். பத்து நாளை ஒட்டி அபாயம் வருகிறது: கட்டிய இடம் அழுகி, நள்ளிரவில் திடீரென ரத்தம் பீறிடலாம். கதையின் பெரிய காட்சி ஒன்றை அங்கே வையுங்கள். அவள் கட்டைவிரலால் ரத்தக்குழாயை அழுத்தியபடி மருத்துவர் வரும்வரை உட்கார்ந்திருக்கிறாள். முதல் நெருக்கம் அதுவாக இருந்தால் வாசகர் கேள்வி கேட்க மாட்டார்.

அவள் கத்தியைக் கொதிநீரில் போட்டுக் கிருமி கொல்லக் கூடாது. காயத்தில் கிருமியைத் தடுக்க அறுவை மருத்துவர் லிஸ்டர் சொன்ன கார்பாலிக் அமில முறை வெளியானது 1867-இல்தான். பழைய லினன் துணியைச் சுரண்டிப் பஞ்சாக்கி, குளிர்ந்த நீரில் நனைத்துக் காயத்தில் வைப்பது, கட்டுத்துணி சுருட்டுவது, நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது ஆகியவை சரி. அவளை நர்ஸாக ஆக்க நினைத்தால் இன்னொரு சிக்கல்: வடக்குப் படையின் நர்ஸ்களுக்குத் தலைவியான டோரதியா டிக்ஸ் 35 முதல் 50 வயதுக்குள், எளிமையான தோற்றமுள்ள பெண்களையே கேட்டார். இருபத்தாறு வயது அழகிக்கு அங்கே இடமில்லை. போர் நடந்த ஊர்க்காரியாக, தன் களஞ்சியத்தில் காயம்பட்டவர்களைக் கிடத்தியவளாக எழுதுங்கள். பிறகு அவன் லெட்டர்மன் முகாமுக்குப் போகட்டும். ஜூலை கடைசியில் திறந்த அந்தக் கூடார மருத்துவமனையை நவம்பரில் மூடிவிட்டார்கள். ஆக, உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய நான்கரை மாதம். நடுவில், செப்டம்பர் 18 அன்று, அவள் கடுந்துக்கம் முடிகிறது. முகத்திரையில்லாமல் அவள் கூடாரத்துக்குள் வரும் நாள் அதுதான்.

இப்போது பணம். 1862 சட்டப்படி சாதாரண சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். மறுமணம் செய்தால் நின்றுவிடும். பதினாறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் தொகை குழந்தைக்குப் போகும். ஆகவே குழந்தையில்லாதவளாக வைத்தால் முடிச்சு இறுகும். படையிலிருந்து விலக்கப்பட்டால், முழு ஊனத்துக்கு அவனுக்கும் மாதம் 8 டாலர். தனித்தனியாக இருந்தால் 16. கல்யாணம் செய்தால் 8. இந்தக் கணக்கை அவர்கள் வாய்விட்டுப் போடட்டும். பென்ஷனை இழக்காமலிருக்கக் கல்யாணமின்றிச் சேர்ந்து வாழ்ந்தவர்களும் உண்டு. அதைத் தடுக்கத்தான் 1882-இல் தனியாகச் சட்டம் வந்தது. அவன் தெற்குப் படைக்காரன் என்றால் மேற்படி கணக்கெல்லாம் மாறிவிடும்: அவன் கைதி, கூட்டரசு பென்ஷனும் கிடையாது.

விலக்கலுக்குப் பதில் வேறொரு வழியும் உண்டு. 1863 ஏப்ரலில் ஊனமுற்ற வீரர்களுக்கென ஒரு படைப்பிரிவு தொடங்கப்பட்டது. வெளிர்நீலச் சட்டை, மருத்துவமனை வேலை. அவனை அதில் சேர்த்தால் சம்பளமும் வரும், கதையும் ஊரைவிட்டு நகரும்.

வலது கையைக் கேட்டதற்குக் காரணம் கடிதங்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அவன் அம்மாவுக்கு எழுதும் சாக்கில் அவளுக்கே சொல்லத் தொடங்குகிறான். பிறகு இடது கையால் எழுதப் பழகுகிறான். 1865-இல் வலது கை இழந்த வீரர்களுக்கு இடதுகைக் கையெழுத்துப் போட்டியே நடந்தது, ஆகவே இது மிகையல்ல. அவனுக்கு எழுத வந்துவிட்டால் அவள் வந்து உட்காரக் காரணம் போய்விடுகிறது. நடுப்பகுதி தொய்யாமலிருக்க இந்த ஒரு திருப்பம் போதும்.

நரம்பில் அடிபட்டவனாக வைத்தால் இன்னும் விசித்திரமான விவரம் கிடைக்கும். ஃபிலடெல்ஃபியாவில் நரம்புக் காயங்களைக் கவனித்த மருத்துவர் வெயர் மிட்செல் பார்த்த நோயாளிகள் எரிச்சல் தாங்காமல் கையை எப்போதும் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். சிலர் பூட்ஸுக்குள்ளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். இந்த வலியை வைத்தால் கையை வெட்டாதீர்கள், இரண்டும் ஒரே கையில் சேராது.

உரையாடலில் அவனை அவசரப்படுத்தாதீர்கள். அவள் இறந்தவனின் குடும்பப் பெயரைத்தான் சுமக்கிறாள். ‘மிஸஸ்’ சேர்த்துக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவன் அந்த மனிதனின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அவளது முதற்பெயரைக் கடைசி நான்கில் ஒரு பங்குவரை அவன் வாயில் வைக்காதீர்கள். தமிழில் ‘நீங்கள்’ ‘நீ’யாக மாறுவதும் அதே பக்கத்தில் நடக்கட்டும், அதற்கு முன் தவறியும் வேண்டாம்.

முதல் வரைவை முடித்ததும் மூன்று நிறப் பேனாக்களை எடுத்து, அவன் ஒற்றைக் கையால் செய்யும் காரியங்களையும், அவள் உடுத்தும் நிறங்களையும், பணம் கைமாறும் இடங்களையும் தனித்தனியாகக் கோடிடுங்கள். இருபதாம் அத்தியாயத்தில் அவன் இரண்டு கையாலும் அவள் முகத்தை ஏந்தியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.