கார் ஷோரூமில் விற்பனையாளரை எதிர்கொள்வது எப்படி: முதல்முறை வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

முதல்முறையாகக் கார் வாங்கப் போகிறவர்களில் பலர், எஞ்சின் திறன், மைலேஜ், விபத்துப் பரிசோதனை மதிப்பெண் என்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் படித்துத் தேறிவிடுகிறார்கள். ஆனால் ஷோரூமில் எதிர் நாற்காலியில் உட்காரப்போகும் மனிதரைப் பற்றி மட்டும் எதுவும் யோசிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். கார் நன்றாக இருந்தும் வாங்கிய அனுபவம் கசந்துபோனதாகச் சொல்பவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் குறை காரில் இருப்பதில்லை. வாயால் சொன்ன விலை ஒன்றாகவும் பில்லில் வந்த விலை வேறாகவும் இருந்திருக்கும். கேட்காத பொருள்கள் காரில் ஏறியிருக்கும். மாதத் தவணையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டிருப்பார்கள்.

விற்பனையாளர் உங்கள் எதிரி அல்லர். அவருடைய வருமானம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அவர் பேச்சின் பாதி உங்களுக்கு விளங்கிவிடும். பெரும்பாலான ஷோரூம்களில் அடிப்படைச் சம்பளம் குறைவு; மீதி ஊக்கத்தொகையாக வருகிறது. அது விற்ற கார்களின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. கடன், காப்பீடு, நீட்டிக்கப்பட்ட வாரண்டி, துணைப்பொருள்கள் ஆகியவற்றை எவ்வளவு விற்றார் என்பதும் அதில் சேரும். ஒரு வரம்புக்கு மேல் தள்ளுபடி தரும் அதிகாரம் அவரிடம் இருக்காது. அது மேலாளரிடம் இருக்கும். ஆகவே, பேச வேண்டிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுங்கள். பேசி முடித்த ஒவ்வொன்றையும் எழுத்தில் வாங்குங்கள். இதை ஒவ்வொரு கட்டத்திலும் எப்படிச் செய்வது என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

படி 1: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

எந்த மாடல் என்பதோடு நிறுத்தாமல், அதில் எந்த வேரியண்ட் (ஒரே மாடலில் வசதிகளுக்கேற்ப விலை மாறும் வகை) என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ‘இன்னும் கொஞ்சம் போட்டால் மேல் வேரியண்டே வந்துவிடும்’ என்ற வாக்கியம் ஷோரூமில் நிச்சயம் காதில் விழும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் முன்பே எடுத்த முடிவு ஒன்று இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம், வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து நீங்கள் தரத் தயாராக இருக்கும் உச்சத் தொகையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால், ஷோரூமுக்குப் போகும் முன்பே உங்கள் வங்கியில் வட்டி விகிதத்தைக் கேட்டு, முடிந்தால் முன் ஒப்புதல் கடிதமும் வாங்கிவிடுங்கள். பழைய காரை மாற்றிக்கொடுக்க நினைப்பவர்கள், வெளியே இரண்டு மூன்று இடங்களில் அதற்கு விலை கேட்டு வைத்துக்கொள்வது அவசியம்.

படி 2: நேரில் போகும் முன் எழுத்தில் விலை கேளுங்கள்

பக்கத்திலிருக்கும் மூன்று நான்கு ஷோரூம்களுக்கு ஒரே மாதிரியான மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்புங்கள். வேரியண்ட், நிறம், வேண்டிய மாதம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ‘எல்லாக் கட்டணங்களையும் வரிவரியாகப் பிரித்துக் காட்டிய மொத்த விலை வேண்டும்’ என்று கேளுங்கள். சிலர் ‘நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்’ என்று மட்டும் பதில் எழுதுவார்கள். எழுத்தில் விலை தரத் தயங்கும் இடத்தைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடலாம் என்பது என் கருத்து.

எழுத்தில் விலை கேட்கச் சொல்வதற்கு நேரம் மிச்சமாவது மட்டும் காரணம் அன்று. ஒரே காருக்கு ஒரே விதமாகப் பேரம் பேசினாலும், பேசுகிறவர் யார் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே மாதிரி பேசப் பயிற்றுவிக்கப்பட்டவர்களைச் சிகாகோ பகுதி ஷோரூம்களுக்கு இருவர் இருவராக அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையின ஆண்களுக்குச் சொல்லப்பட்டதைவிடக் கறுப்பினத்தவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதலான விலை சொல்லப்பட்டது. 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இணையவழி விலை கேட்டு வாங்கியவர்களிடையே இனம் சார்ந்த அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டதைக் காட்டியது. தோற்றத்தையும் தயக்கத்தையும் வைத்து உங்களை எடைபோட முடியாத இடத்தில், நியாயமான விலை எளிதாகக் கிடைக்கிறது. ‘எனக்குப் பேரம் பேச வராது’ என்று தயங்குகிறவர்கள் இந்தப் படியைத் தவறவிடவே கூடாது.

படி 3: உள்ளே நுழைந்ததும் வரும் கேள்விகள்

குளிர்ந்த நீர் வரும், இருக்கை வரும், கூடவே இயல்பான உரையாடல் போல நான்கைந்து கேள்விகளும் வரும். எங்கே வேலை செய்கிறீர்கள், கார் எப்போது தேவைப்படுகிறது, வேறு எங்கெல்லாம் பார்த்தீர்கள், வீட்டில் யார் முடிவு செய்வார்கள், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பவையே அவை. ஒவ்வொன்றும் உங்கள் அவசரத்தையும் பணவசதியையும் அளக்கும் கேள்வி. பொய் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

குறிப்பாக, கடைசிக் கேள்விக்குத் தொகை எதையும் சொல்லாதீர்கள். ‘முதலில் காரின் மொத்த விலையைப் பேசி முடித்துவிடுவோம், தவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதில் போதுமானது; மரியாதையும் கெடாது. குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணவனும் மனைவியும் போயிருக்கும்போது, கார் ஓட்டப்போவது மனைவியாக இருந்தாலும் கணவனைப் பார்த்தே பேசும் விற்பனையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படி நடந்தால், வேறொரு விற்பனையாளரை அனுப்பும்படி மேலாளரிடம் தயங்காமல் கேட்கலாம். நல்ல ஷோரூம்களில் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

படி 4: டெஸ்ட் டிரைவ்

வாங்கப்போகும் அதே எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ள காரையே ஓட்டிப் பாருங்கள். விற்பனையாளர் காட்டும் வழுவழுப்பான நேர்ப்பாதையோடு நிறுத்தாமல், மேடு பள்ளமான சாலையிலும் நெரிசலிலும், முடிந்தால் ஏற்றத்திலும் ஓட்டுங்கள். பின்னிருக்கையில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்துக் கருத்துக் கேளுங்கள். ஓட்டும்போது பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டி முடித்த கையோடு விலை பேச உட்காராதீர்கள். கார் பிடித்துப்போன முகத்தை மறைப்பது கடினம். வேறொரு நாளில் பேசுவதே நல்லது.

படி 5: விலைப் பேச்சு

அதிகமானோர் இடறும் இடம் இது. அமெரிக்க ஷோரூம்களில் ‘ஃபோர் ஸ்கொயர்’ என்ற தாள் ஒன்று நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. வெள்ளைத்தாளில் குறுக்காக ஒரு கோடும் நெடுக்காக ஒரு கோடும் இழுத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். ஒன்றில் புதிய காரின் விலை, ஒன்றில் பழைய காருக்கான மதிப்பு, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாதத் தவணை. தடித்த பேனாவால் தவணைக் கட்டத்தில் ஓர் எண்ணை எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டு, தாளை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார் விற்பனையாளர். உங்கள் கண் அந்த வட்டத்திலேயே நிற்கும். மற்ற மூன்று கட்டங்களிலும் எண்கள் நகர்ந்துகொண்டிருக்கும். உங்கள் ஊரில் இந்தத் தாள் இல்லாமல் இருக்கலாம். நான்கையும் கலந்து பேசும் முறை எங்கும் உண்டு.

பழைய காருக்கு நீங்கள் எதிர்பார்த்ததைவிட 30,000 கூடுதலாகத் தருவதாகச் சொல்லி மகிழ்விப்பார்கள். புதிய காருக்கு முதலில் சொன்ன தள்ளுபடியில் அதே 30,000 சத்தமில்லாமல் குறைந்திருக்கும். இதற்கு மருந்து எளியது. முதலில் புதிய காரின் மொத்த விலை; அது எழுத்தில் முடிந்த பிறகு பழைய காரின் மதிப்பு; அதன் பிறகே கடன். இந்த வரிசையை மாற்ற விடாதீர்கள்.

தவணையை மட்டும் பார்ப்பது ஏன் ஆபத்து என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கடன் 10,00,000, குறையும் நிலுவைக்கு (அதாவது அடைத்தது போக மீதமுள்ள கடனுக்கு மட்டும்) ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 20,760. மொத்த வட்டி 2,45,500 அளவில் வரும். ‘தவணையைக் குறைத்துத் தருகிறேன்’ என்று அதையே 7 ஆண்டுகளாக்கினால் தவணை 16,090-க்கு இறங்கும். மொத்த வட்டியோ 3,51,500-க்கு ஏறிவிடும். காரின் விலையில் ஒரு காசுகூடக் குறையவில்லை. நீங்கள் கட்டுவது மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது.

பேச்சின் நடுவே ‘மேனேஜரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று அவர் எழுந்து போவார். சில நேரங்களில் அது உண்மையான ஒப்புதலுக்காக. சில நேரங்களில் உங்களைக் காக்கவைப்பதற்காக. இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டவருக்கு வெறுங்கையோடு எழுந்து போக மனம் வராது என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, போகும்போதே ‘எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது’ என்று சொல்லிவிடுங்கள். நேரம் முடிந்தால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். ‘இந்த விலை இன்று மட்டும்தான்’ என்றால், அது எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது, எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேளுங்கள். உற்பத்தியாளர் அறிவித்த சலுகை என்றால் தேதியோடு அறிவிப்பைக் காட்டுவார்கள். வேறென்றால் பெரும்பாலும் நாளையும் அதே விலை இருக்கும். மாதக் கடைசியிலும் காலாண்டுக் கடைசியிலும் இலக்கை எட்ட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருப்பதால், பேரத்துக்கு அந்த நாள்கள் உகந்தவை.

படி 6: கடன், காப்பீடு, கூடுதல் பொருள்கள்

காருக்கு விலை பேசி முடித்ததும் களைப்பும் நிம்மதியும் சேர்ந்து வரும். அந்த நேரத்தில்தான் இன்னொரு மேசைக்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இந்த வட்டி நிலையான வட்டியா, குறையும் நிலுவை வட்டியா? நிலையான வட்டியில், நீங்கள் அடைத்துவிட்ட தொகைக்கும் சேர்த்துக் கடைசிவரை வட்டி போடுவார்கள். 10,00,000 கடனுக்கு 8 சதவீத நிலையான வட்டியில் 5 ஆண்டுகளுக்கு வட்டி 4,00,000, தவணை 23,333. இது குறையும் நிலுவைக் கணக்கில் 14 சதவீதத்துக்கும் சற்று மேலான வட்டிக்குச் சமம். எட்டு என்ற எண்ணைக் கேட்டு உங்கள் வங்கியின் ஒன்பதைவிட மலிவு என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வங்கியின் கடிதத்தை மேசையில் வைத்து, இதைவிடக் குறைவாகத் தர முடியுமா என்று கேளுங்கள். பரிசீலனைக் கட்டணத்தையும், கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் அதோடு கேட்டுவிடுங்கள்.

பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, காரின் அடிப்பாகத்துக்கான பூச்சு, சீட் கவர், நீட்டிக்கப்பட்ட வாரண்டி என்று ஒரு பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ‘இது கட்டாயமா, விருப்பமா?’ என்று கேட்டு, பதிலை அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் கட்டாயங்களில் பல விருப்பமாக மாறிவிடுவதைக் காண்பீர்கள். நீட்டிக்கப்பட்ட வாரண்டி எல்லோருக்கும் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பல நிறுவனங்கள் அசல் வாரண்டி முடிவதற்குள் அதைப் பின்னரும் வாங்க இடம் தருகின்றன. அன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை.

படி 7: முன்பணமும் ஆர்டர் படிவமும்

முன்பணம் கட்டும் முன், வேரியண்ட், நிறம், தயாரிப்பு ஆண்டு, மொத்த விலை, இலவசமாகத் தருவதாகச் சொன்ன பொருள்கள், டெலிவரி தேதி, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் ஆகிய அனைத்தும் படிவத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வெற்றுக் கட்டம் உள்ள படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். வாங்கிய காரைச் சில நாள்களில் திருப்பிக் கொடுக்கும் உரிமை பல நாடுகளில் ஷோரூம் விற்பனைக்குக் கிடையாது. அதனால் யோசிக்கும் நேரத்தையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் செலுத்தி ரசீது வாங்குங்கள். விற்பனையாளரின் சொந்தக் கணக்குக்கு எந்தக் காரணத்துக்காகவும் அனுப்பக் கூடாது.

படி 8: டெலிவரிக்கு முன் பரிசோதனை

பகல் வெளிச்சத்தில், காரைப் பதிவு செய்வதற்கு முன்பே பார்க்கக் கேளுங்கள். காரின் அடையாள எண்ணில் எழுத்துகளும் இலக்கங்களும் சேர்த்து மொத்தம் 17 இருக்கும். காரில் பொறிக்கப்பட்டதும் ஆவணத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1225 என்றிருந்தால் அது 2025-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். காரின் தயாரிப்புத் தேதியைவிட டயர் மிகவும் பழையதாக இருந்தாலோ, ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் எதிர்பாராத அளவு ஓடியிருந்தாலோ காரணம் கேளுங்கள். டெஸ்ட் டிரைவுக்குப் பயன்பட்ட காராக இருக்கலாம். கதவுகளுக்கும் பம்பருக்கும் இடையே பெயின்ட் நிறம் மாறித் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். குறை இருந்தால் ‘சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாக்குறுதியோடு காரை எடுத்துவராதீர்கள்.

டெலிவரிக்குப் பின் உற்பத்தியாளரிடமிருந்து கருத்துக் கேட்டு அழைப்போ குறுஞ்செய்தியோ வரலாம். விற்பனையாளர் முன்கூட்டியே ‘சார், முழு மதிப்பெண் போட்டுவிடுங்கள்’ என்று கேட்டுக்கொள்வார். பல நிறுவனங்களில் ஷோரூமின் ஊக்கத்தொகை அந்த மதிப்பெண்ணைச் சார்ந்திருப்பதே இதற்குக் காரணம். நல்லபடியாக நடந்துகொண்டவருக்கு மனமாரக் கொடுங்கள். தருவதாகச் சொன்ன மிதியடியோ இரண்டாவது சாவியோ இன்னும் வரவில்லை என்றால், அது கைக்கு வரும்வரை பதில் அனுப்பாமல் வைத்திருங்கள்.